தமிழில் திசைச்சுட்டலும் திரும்புதலும்: நிலச்சட்டகம், உடற்சட்டகம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஓரிடத்தைச் சுட்டுவதற்குத் தமிழில் இரண்டு அமைப்புகள் உள்ளன. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்பன நிலத்தைச் சார்ந்தவை. வலம், இடம், முன், பின் என்பன சுட்டுவோரின் உடலைச் சார்ந்தவை. ஒருவர் திரும்பும்போது இரண்டாவது அமைப்பு அவருடன் திரும்புகிறது, முதலாவது திரும்புவதில்லை. திசையறிதல் என்பது இவ்விரண்டிற்கும் இடையே செய்யப்படும் மாற்றுக்கணக்கு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திசைப்பெயர்களின் சொற்பிறப்பு, நிழல்கொண்டு திசை காணும் மரபு, மதுரை வட்டாரத்தில் நிகழ்த்தப்பட்ட மொழியியல் சோதனை, கல்வெட்டு மற்றும் பத்திரங்களின் எல்லை வாசகங்கள் ஆகியவற்றின் வழி இக்கருதுகோள் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

திசைப்பெயர், வலஞ்சுழி, இடஞ்சுழி, நிலச்சட்டகம், உடற்சட்டகம், நாற்பால் எல்லை, செக்குபந்தி

முன்னுரை

உதிக்கும் ஞாயிற்றை நோக்கி நின்றால் எதிரே கிழக்கு, பின்னே மேற்கு, வலக்கைப்புறம் தெற்கு, இடக்கைப்புறம் வடக்கு என்பது தொடக்கப்பள்ளியில் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று. இப்பாடம் பிழையற்றது. ஆயினும் அது ஒரே ஒரு நிலையில் நிற்பவருக்கு மட்டுமே பொருந்துவது. மாணவர் மேற்கு நோக்கித் திரும்பியவுடன் அவருடைய வலக்கைப்புறம் வடக்காகிவிடுகிறது. 'வலக்கை தெற்கு' என்று மனத்தில் பதித்துக்கொண்டவர் அங்கே இடறுகிறார். இடறலுக்குக் காரணம் அறியாமை அன்று. இரு வேறு அமைப்புகளை ஒன்றெனக் கொண்டமையே ஆகும்.

இவ்விடறல் பள்ளியோடு முடிவதில்லை. கல்வெட்டு எல்லைகளைப் படம் வரைந்து காட்ட முயலும் ஆய்வாளரும், நிலப்பத்திரத்தைப் படிக்கும் வாரிசுதாரரும் இதே இடத்தில் தடுமாறுகின்றனர். எனவே திசைப்பெயர்களின் இயல்பையும் திரும்புதலின் கணக்கையும் சேர்த்து ஆராய்வது தேவையாகிறது. இலக்கணத்தில் 'திசைச்சொல்' என்பது வேறு பொருளுடைய கலைச்சொல்லாதலின், இக்கட்டுரையில் 'திசைப்பெயர்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

1. நிலத்தில் பிறந்த பெயர்கள்

கிழக்கு என்னும் பெயர் 'கீழ்' என்பதனோடும், மேற்கு என்னும் பெயர் 'மேல்' என்பதனோடும் தொடர்புடையவை. கீழ்த்திசை, மேல்திசை, கீழைநாடு, மேலைநாடு, கீழைக்காற்று, மேலைக்காற்று என்னும் வழக்குகள் இத்தொடர்பை இன்றும் வெளிப்படக் காட்டுகின்றன. தமிழகத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்கிறது. நிலம் அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்து வங்கக் கடலில் முடிகிறது. காவிரியும் வைகையும் பொருநையும் அச்சரிவைப் பின்பற்றியே ஓடுகின்றன. ஆகவே மேல் என்பது மேட்டு நிலமும் ஆற்றின் தலைப்பகுதியும் ஆகும். கீழ் என்பது பள்ளமும் கடைமடையும் ஆகும்.

1856ஆம் ஆண்டு வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இத்தொடர்பைச் சுட்டியுள்ளார். மலையாளத்தில் கிழக்கைக் குறிக்கும் சொல்லும் 'கிழக்கு' என்பதே. ஆனால் கேரளத்தில் மலை இருப்பது கிழக்கில். நிலம் சரிவது மேற்கில். சொல் பள்ளத்தைச் சுட்ட, அச்சொல் குறிக்கும் திசையில் மலை நிற்கிறது. மேற்கைக் குறிக்க மலையாளம் ஞாயிறு படிதலை அடிப்படையாகக் கொண்ட 'படிஞ்ஞாறு' என்னும் சொல்லை வழங்குகிறது. கன்னடத்தின் மூடண, படுவண என்னும் பெயர்களும் முறையே எழுதல், படுதல் என்னும் வினைகளோடு தொடர்புடையவை. ஆக, திராவிட மொழிகளுக்குள் நிலச்சரிவு, ஞாயிற்றின் இயக்கம் என இரண்டு பெயரிடும் அடிப்படைகள் அருகருகே நிலவுகின்றன.

வடமொழியின் பெயரிடும் முறை வேறானது. 'பூர்வ' என்பது முன், 'பச்சிம' என்பது பின், 'தட்சிண' என்பது வலம் என்னும் பொருள்களையும் உடையவை. கிழக்கு நோக்கி நிற்கும் ஒருவரின் உடலே அங்குத் திசைகளுக்கு அளவுகோலாகிறது. தமிழில் தெற்கு என்னும் பெயருக்கும் வலம் என்னும் பெயருக்கும் சொல்லளவில் தொடர்பு இல்லை. ஞாயிற்றை நோக்கி நிற்கச் சொல்லும் பள்ளிப்பாடம் உடலை அளவுகோலாகக் கொள்ளும் முறையை ஒத்தது. நாம் வழங்கும் பெயர்களோ நிலத்திலிருந்து பிறந்தவை.

பெயரின் பிறப்பு எதுவாயினும், வழக்கில் அது நிலைபெற்ற பின் பிறப்புப்பொருள் பின்தள்ளப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறையாறு அரபிக்கடலில் கலக்கிறது. அங்கும் கிழக்கு கிழக்காகவே வழங்குகிறது. திசைப்பெயர் சரிவைச் சுட்டுவதிலிருந்து விடுபட்டு நிலையான திசையைச் சுட்டும் பெயராகிவிட்டது என்பதற்கு இது சான்று. 'மேலத்தெரு', 'கீழத்தெரு' என்னும் பெயர்களையும், மதுரையின் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்னும் பெயர்களையும் உயர்வு தாழ்வு எனக் கொள்ளாது மேற்கு, கிழக்கு எனக் கொள்வதே பொருந்தும்.

காற்றின் பெயர்களும் இத்தகையனவே. கொண்டல் கிழக்கிலிருந்தும், கோடை மேற்கிலிருந்தும், வாடை வடக்கிலிருந்தும், தென்றல் தெற்கிலிருந்தும் வீசுவன. காற்று எங்குச் செல்கிறது என்பதன்றி எங்கிருந்து வருகிறது என்பதே பெயருக்கு அடிப்படை. முகத்தில் வாடை படுமாறு நிற்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார். அவ்வகையில் காற்றும் கடலோடிகளுக்கு ஒரு திசைகாட்டியாக அமைந்தது.

திசைப்பெயர்கள் தம்முள் புணரும் முறையைத் தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியலும் நன்னூலின் உயிரீற்றுப் புணரியலும் தனியே விதந்து கூறுகின்றன. வடக்கு, கிழக்கு என்பன சேர்ந்து வடகிழக்கு ஆகின்றன. தெற்கு, மேற்கு என்பன சேர்ந்து தென்மேற்கு ஆகின்றன. கோணத்திசைப் பெயர்களில் வடக்கும் தெற்குமே முன்னிற்கின்றன என்பது நோக்கத்தக்கது. எண்திசையும் இவ்வாறு நான்கு பெயர்களுக்குள் அடங்குகின்றன.

2. ஞாயிறும் நிழலும்

திசையை அறிய ஞாயிறு உதவும். ஆனால் அதன் உதவிக்கு வரம்பு உண்டு. ஞாயிறு மிகச் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் வரும் சமஇரவு நாள்களில் மட்டுமே. மதுரையை ஒத்த 10 பாகை வடக்கு அகலாங்கில், ஜூன் மாதத்தில் உதயப்புள்ளி கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே விலகுகிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே விலகுகிறது. கிழக்கிற்கும் வடகிழக்கிற்கும் இடைப்பட்ட 45 பாகையில் இது பாதிக்கும் மேலானது. எனவே உதயத்தை மட்டுமே நம்புபவர் ஆண்டின் சில மாதங்களில் கணிசமாகப் பிழைபடுவார்.

நண்பகல் ஞாயிறு தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும் என்னும் விதியும் கடக வரைக்கு வடக்கே உள்ள நாடுகளுக்கே ஆண்டு முழுவதும் பொருந்தும். தமிழகத்தில் அவ்வாறன்று. மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. சென்னையில் ஏப்ரல் 24 அளவிலும் ஆகஸ்ட் 18 அளவிலும் ஞாயிறு நேர் உச்சியைக் கடக்க, நட்ட கோலின் நிழல் எப்பக்கமும் சாய்வதில்லை.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை, அரண்மனை வகுக்கும் முறையைக் கூறுமிடத்தில் இந்நிலையையே சுட்டுகிறது. நிழல் ஒரு பக்கமும் சாராத நண்பகற்பொழுதில் கோல்களைக் கொண்டு குறி நிறுத்தி, நூல் கற்றோர் கயிறிட்டுத் திசை கொண்டனர் என்பது அப்பகுதியின் கருத்து. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனைச் சித்திரைத் திங்களோடு பொருத்துகிறார். மதுரையில் ஞாயிறு உச்சியைக் கடக்கும் காலம் சித்திரைத் தொடக்கமாகவே அமைவது அவ்வுரையின் பொருத்தத்தைக் காட்டுகிறது.

கோல் நிழலைக்கொண்டு திசை காண்பதற்கு எந்நாளிலும் கையாளத்தக்க முறை ஒன்று உண்டு. சமதளத்தில் கோலை நட்டு, அதனை மையமாகக் கொண்டு வட்டம் வரைதல் வேண்டும். முற்பகலில் நிழல்நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் புள்ளியையும், பிற்பகலில் வட்டத்தைத் தொட்டு வெளியேறும் புள்ளியையும் குறித்தல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும். முற்பகற்புள்ளி மேற்கு, பிற்பகற்புள்ளி கிழக்கு. இம்முறையில் நோக்குபவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பது பொருட்டன்று. உடலை விலக்கி நிலத்திலேயே திசையைப் பொறிக்கும் முறை இது.

3. திரும்புதலின் கணக்கு

நிலத்தில் பொறித்த திசையை உடலுக்கு மாற்றுவதே அடுத்த படி. திசைகாட்டியின் முகப்பில் வடக்கு 0 பாகை. அங்கிருந்து வலஞ்சுழியாகக் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 பாகை. முழுச்சுற்று 360 பாகை. வலப்புறம் திரும்பினால் திரும்பிய அளவைக் கூட்டுதலும், இடப்புறம் திரும்பினால் கழித்தலும் வேண்டும். விடை 360ஐ எட்டினாலோ மிஞ்சினாலோ 360ஐக் கழித்தும், சுழிக்குக் குறைந்தால் 360ஐக் கூட்டியும் கொள்ளலாம்.

தென்கிழக்கு (135) நோக்கி நிற்பவர் இடப்புறம் 90 பாகை திரும்பினால் 45 பாகையாகிய வடகிழக்கை நோக்குவார். அங்கிருந்து வலப்புறம் 180 பாகை திரும்பினால் 225 பாகையாகிய தென்மேற்கை நோக்குவார். அந்நிலையில் அவருடைய வலக்கைப்புறம் 315 பாகையாகிய வடமேற்கு. இக்கணக்கிற்கு வேண்டியவை இரண்டே: இப்போது நோக்கும் திசை, திரும்பிய அளவு. முதலாவது நிலத்தினுடையது, இரண்டாவது உடலினுடையது.

கோயிலை வலம்வருதல் இக்கணக்கின் கண்கூடான வடிவம். கிழக்கு நோக்கிய சிவன் கோயிலில் வாயிலில் நிற்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார். வலம்வரத் தொடங்குகையில் ஒருமுறை இடப்புறம் திரும்பித் தெற்கு நோக்கி நடக்கிறார். தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு, வடகிழக்கு மூலைகளில் நான்கு முறை வலப்புறம் திரும்பி, மீண்டும் வாயிலை அடைந்து ஐந்தாம் முறை வலப்புறம் திரும்பிக் கருவறையை நோக்குகிறார். ஐந்து வலத்திருப்பங்கள் 450 பாகை. ஓர் இடத்திருப்பம் கழிய 360 பாகை. முழு வலஞ்சுழி நிறைவுற்று, தொடங்கிய நோக்குக்கே அவர் மீள்கிறார்.

இந்நடையில் அவர் நோக்கும் திசை நான்கு முறை மாறுகிறது. கருவறை மட்டும் எப்போதும் வலப்புறமே உள்ளது. அதே சமயம் கருவறைப் புறச்சுவரின் தென்பால் மாடத்தில் தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கியே வீற்றிருக்கிறார். வலப்புறம் என்பது நடப்பவருடையது. தென்பால் என்பது கட்டடத்துடையது. இரு சட்டகங்களும் ஒன்றையொன்று குலைக்காது ஒரே நடையில் இயங்குவதை இங்குக் காணலாம்.

4. மதுரை வட்டாரத்து மேசைச் சோதனை

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1990களில் பல மொழிகளில் இடச்சுட்டலை ஆராய்ந்தனர். தமிழுக்கான ஆய்வை மதுரை வட்டாரத்தில் எரிக் பெடர்சன் மேற்கொண்டார். மேசைமேல் உள்ள சிறு பொருள்களைச் சுட்டும்போதும் ஊரகத்தார் திசைப்பெயர்களை மிகுதியாக ஆள்வதையும், நகரத்தார் வலது, இடது என்னும் சொற்களை மிகுதியாக ஆள்வதையும் அவர் கண்டார். பந்தியில் அமர்ந்தவரைக் 'கொஞ்சம் மேக்கே தள்ளி உக்காரு' என்னும் ஊரக வழக்கை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

சோதனையின் அமைப்பு எளியது. மேசைமேல் விலங்குப் பொம்மைகள் வரிசையாக வைக்கப்படும். பங்கேற்பவர் அதனை நினைவில் கொண்டு, 180 பாகை திரும்பி, பின்னுள்ள மேசையில் அதே வரிசையை மீண்டும் அமைத்தல் வேண்டும். முதலில் அவர் கிழக்கு நோக்கி நின்றார் என்றும், பொம்மைகள் வடக்கு நோக்கி, அதாவது அவருடைய இடப்புறம் நோக்கி, நின்றன என்றும் கொள்வோம். மேற்கு நோக்கித் திரும்பிய பின் வடக்கு அவருடைய வலப்புறமாகிறது. வடக்கு என்று நினைவில் கொண்டவர் பொம்மைகளை வலப்புறம் நோக்கி வைப்பார். இடப்புறம் என்று நினைவில் கொண்டவர் இடப்புறம் நோக்கி வைப்பார். அது இப்போது தெற்கு. இரண்டு விடையும் பிழையல்ல. 'அதே வரிசை' என்பதற்கு அவரவர் கொண்ட சட்டகமே வேறு. சொல்லாட்சியில் காணப்பட்ட வேறுபாடு நினைவிலும் பெரும்பாலும் எதிரொலித்தது என்பது பெடர்சன் 1995இல் வெளியிட்ட கட்டுரையின் முடிபு.

இம்முடிபு மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. சுற்றுப்புற அடையாளங்களை மாற்றியமைத்தால் ஆங்கிலம் பேசுவோரின் விடைகளும் மாறக்கூடும் என்று பெகி லீ, லைலா கிளைட்மன் ஆகியோர் 2002இல் வாதிட்டனர். லெவின்சனும் அவர்தம் குழுவினரும் அதற்கு மறுமொழி அளித்தனர். இவ்விவாதத்தில் தமிழ்ச்சான்றுக்குத் தனி இடம் உண்டு. இங்கு ஒப்பிடப்பட்டவை இரு வேறு மொழிகள் அல்ல. இரு சாராருக்கும் இலக்கணம் ஒன்றே. இருவகைச் சொற்களும் இருவருக்கும் தெரிந்தவையே. வேறுபட்டது பயன்பாட்டுப் பழக்கம் மட்டுமே. ஆகவே திசையுணர்வைத் தீர்மானிப்பது சொல்வளம் அன்று, அச்சொல்லை அன்றாடம் ஆளும் பயிற்சி என்று கருத இடமுண்டு. ஆளாது விடின் அவ்வுணர்வு தளரும் என்பது இதன் மறுபக்கம்.

5. எல்லை வாசகங்களும் 180 பாகைப் பிழையும்

சோழர் காலத்து நிலக்கொடை ஆவணங்களில் எல்லை கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்னும் வரிசையில் கூறப்படுவது பெருவழக்கு. கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு வழியாக வடக்கை அடையும் இவ்வரிசை வலஞ்சுழியானது. எல்லையை இவ்வரிசையில் நடந்து காண்பவருக்கு நிலம் எப்போதும் வலக்கைப்புறம் அமையும். பிடியானையை எல்லை சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நட்ட செய்தியைச் செப்பேடுகள் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. எல்லை என்பது எழுதப்படுமுன் நடக்கப்பட்டது.

இவ்வாவணங்களில் கீழ்பாற்கு எல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்றாற்போன்ற தொடரமைப்பு காணப்படுகிறது. மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கிழக்கும் மேற்கும் முரணுவதாகத் தோன்றும். முரண் இல்லை. நிலத்தின் கிழக்கெல்லையாக இருப்பது அவ்வாய்க்கால். நிலம் அவ்வாய்க்காலுக்கு மேற்கே உள்ளது. எல்லையை நிலத்திலிருந்தும், நிலத்தை எல்லையிலிருந்தும் என இருமுறை சுட்டுவதால் ஐயத்திற்கு இடமில்லாது போகிறது.

பிரமதேய ஊர்களின் நிலங்களைக் குறிக்கும் வாசகங்கள் இம்முறையின் மேலும் வளர்ந்த நிலை. உத்தரமேரூர் போன்ற ஊர்களின் கல்வெட்டுகளில், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என நிலம் சுட்டப்படுகிறது. வதியும் வாய்க்காலும் இரண்டு அச்சுகளாக நிற்க, திசைப்பெயர் பக்கத்தையும் எண் தொலைவையும் தருகின்றன. ஊரை அறியாதவரும் வாசகத்தைக்கொண்டு நிலத்தை அடைய இயலும்.

இக்காலப் பத்திரங்களின் செக்குபந்தி வாசகம் இம்மரபின் தொடர்ச்சி. ஆனால் அங்கு இருமுறைச் சுட்டல் பெரும்பாலும் ஒருமுறையாகச் சுருங்கிவிட்டது. 'வாய்க்காலுக்குக் கிழக்கு, பாதைக்கு மேற்கு' என எழுதப்பட்டிருந்தால், சொத்து வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ளது என்பது பொருள். அதாவது வாய்க்கால் சொத்தின் மேற்கெல்லை, பாதை கிழக்கெல்லை. 'கிழக்கில் வாய்க்கால், மேற்கில் பாதை' என எழுதப்பட்டிருந்தால் நிலைமை நேர் எதிர். நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற பெயர் சுட்டலின் தொடக்கப்புள்ளியாகிறது. அவ்வுருபைக் கவனியாது 'வாய்க்கால் கிழக்கு' என்று மட்டும் நினைவில் கொள்பவர் வரையும் படம், உரிய படத்தை 180 பாகை திருப்பிய படமாக அமையும். நான்கு எல்லைகளும் ஒருசேரத் திரும்பிவிடுவதால் படத்திற்குள் முரண் தோன்றாது. பிழை கண்ணில் படாமைக்கு அதுவே காரணம். களத்தில் நின்று ஓர் எல்லையையேனும் ஒப்பிட்டால் மட்டுமே அது வெளிப்படும்.

மேசைச் சோதனையில் 180 பாகைத் திருப்பம் இரண்டு சரியான விடைகளைத் தந்தது. பத்திரத்திலோ ஒன்றுதான் சரி. ஒரு குடும்பத்தின் நிலம் வாய்க்காலின் எக்கரையில் உள்ளது என்பது ஓர் உருபைப் பிழையறப் படிப்பதைச் சார்ந்துள்ளது. கல்வெட்டு எல்லைகளுக்கு விளக்கப்படம் வரையும் ஆய்வாளரும் 'இன்னதற்கு மேற்கு' என்பதில் மேற்கே இருப்பது எது என்னும் வினாவை ஒவ்வொரு தொடரிலும் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும்.

6. கற்பித்தல் நோக்கு

மேற்கண்டவற்றிலிருந்து கற்பித்தலுக்கு மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, திசையைக் கை கால்களோடு பிணைத்துக் கற்பிப்பதற்கு முன் நிலத்தோடு பிணைத்துக் கற்பித்தல் நன்று. வகுப்பறையின் எச்சுவர் வடக்குச் சுவர், ஊரின் ஆறு எத்திசையிலிருந்து எத்திசைக்கு ஓடுகிறது என்னும் வினாக்களுக்கு மாணவர் எப்பக்கம் திரும்பி நின்றாலும் விடை மாறாது. இரண்டாவது, அதன் பின்னரே திரும்புதலைப் புகுத்தலாம். வடக்குச் சுவரை நோக்கி நின்று வலப்புறம் கால்சுற்றுத் திரும்பினால் எச்சுவர் எதிரே வரும் என்பதை முதலில் மனத்தால் கணித்து, பின்பு திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கச் செய்தல் வேண்டும். மூன்றாவது, 'அ என்பது ஆவுக்குக் கிழக்கு எனில், அவுக்கு ஆ எத்திசை' என்னும் மறுதலைப் பயிற்சி தரப்படல் வேண்டும். பத்திர வாசகத்தைப் படிப்பதற்கான அடிப்படை அதுவே.

கைப்பேசி வரைபடங்கள் பயணிப்பவர் திரும்புந்தோறும் தாமும் திரும்பிக்கொள்ளும் வசதியைத் தந்துள்ளன. 'இடப்புறம் திரும்பவும்' என்னும் குரலைப் பின்பற்றுபவர் மாற்றுக்கணக்கைச் செய்ய வேண்டுவதில்லை, கருவி செய்துவிடுகிறது. இவ்வசதியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், பழக்கமே திசையுணர்வை நிலைநிறுத்துகிறது எனின், வடக்கு மேலாக நிலைநிற்கும் வரைபடத்தைப் படிக்கும் பயிற்சியைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் கைவிடலாகாது.

முடிவுரை

தமிழின் திசைப்பெயர்கள் நிலத்தின் மேடு பள்ளத்தோடு தொடர்புடையவை. பின்னர் அச்சரிவிலிருந்தும் விடுபட்டு நிலையான சட்டகமாயின. வலமும் இடமும் உடலோடு திரும்புவன. முன்னதை நிலத்தில் நிறுத்தி, பின்னதைப் பாகையளவால் கூட்டியும் கழித்தும் இணைப்பதே திசையறிதல். நெடுநல்வாடை காட்டும் நிழற்கோலும், வலம்வரும் நடையும், நாற்பால் எல்லையும் இக்கணக்கின் வெவ்வேறு வடிவங்கள் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.

ஊரக, நகரப் பேச்சில் திசைப்பெயர்களின் ஆட்சி இன்று எந்நிலையில் உள்ளது என்பதை மதுரை வட்டாரத்திலும் பிற வட்டாரங்களிலும் மீண்டும் களஆய்வு செய்தல் வேண்டும். செக்குபந்தி வாசகங்களில் நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை அமைப்புகள் எவ்வாறு விரவி வருகின்றன என்பதைத் தொகுத்து ஆராய்தலும் பயனுடையது. கல்வெட்டியலாரும் மொழியியலாரும் கணித ஆசிரியரும் ஒருங்கே ஈடுபடத்தக்க களம் இது. 'கிழக்கு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் 'எதற்குக் கிழக்கு' என்று வினவும் பழக்கமே அவ்வாய்வுகள் அனைத்திற்கும் தொடக்கமாக அமையும்.